அட்டைக்கு முன்னால் காது

'ஆங்கில வாசிப்புக்கு ஃபோனிக்ஸ் அட்டை (எழுத்தையும் அதன் ஒலியையும் படத்தோடு சொல்லித்தரும் அட்டை) போதும்' என்று ஒரு கட்டுரை சொல்கிறது. போதாது. 'ஸன்' (sun) என்பதில் மூன்று ஒலி இருப்பதைக் காதால் பிரிக்கத் தெரியாத பிள்ளைக்கு அட்டை வெறும் படம்தான்.

நம் பிள்ளைகளுக்கு உயிர்மெய்ப் பழக்கம் வேறு. ஸ், அ, ன் என்பதை 'ஸ-அ-ன' என்பார்கள். சேர்த்தால் சொல்லே வராது. தயவுசெய்து மெய்யைப் புள்ளியோடு சொல்லிக்கொடுங்கள். இழுக்கக்கூடிய ஸ், ம், ன் முதலில்: 'ஸ்ஸ்ஸ்அன்ன்' என்று மூச்சு விடாமல். ப், ட், க் இழுபடாது, அவை பிறகு.

எழுத்தையும் காட்டியபடி ஒலி பிரித்தால் பலன் கூடுதல் என்று அமெரிக்க தேசிய வாசிப்புக் குழு 2000-லேயே சொல்லிவிட்டது. தினம் பத்து நிமிடம் செய்யுங்கள். முதல் ஒலி, கடைசி ஒலி, அப்புறம் நடு ஒலி. நடுவில் வரும் உயிர்தான் தாமதமாகப் பிடிபடும், அதற்காக அவசரப்படுத்தாதீர்கள்.