முதல் வாரத்திலேயே தெரிந்துவிடுமாம்

சனிக்கிழமையிலிருந்து அந்த மேடைப் பேச்சை எனக்கு அனுப்பாத ஆள் இல்லை. பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் ஒருவர் பேசியது, பெயர் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் வாட்ஸப்பிலும் வந்திருக்கும். "முதல் வாரத்துலயே எவன் தேறுவான், எவன் தேறமாட்டான்னு எனக்குத் தெரிஞ்சுடும், ராணுவத்துல அப்படித்தான்" என்கிறார். கைதட்டல் அள்ளுகிறது. தட்டியவர்களில் பாதிப்பேர் பெற்றோர்கள்! சரி, அவரே ராணுவத்தை இழுத்துவிட்டதால் அங்கிருந்தே பேசுவோம்.

டெல் அவிவ் பல்கலைக்கழக உளவியலாளர் டோவ் ஈடன், ஷானி என்பவருடன் சேர்ந்து இஸ்ரேல் ராணுவத்தில் செய்த ஆய்வு 1982இல் வெளியானது. தலைமைப் பயிற்சிக்கு வந்த 105 வீரர்கள், நான்கு பயிற்றுநர்கள். வீரர்கள் வந்து சேரும் முன்பே பயிற்றுநர்கள் கையில் ஒரு விவரம் போய்விட்டது: இவருக்குத் தலைமைத் திறன் அதிகம், இவருக்குச் சாதாரணம், இவரைப் பற்றிப் போதிய தகவல் இல்லை. அது முழுக்கக் குலுக்கல். திறமைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வீரர்களுக்கு இது எதுவும் தெரியாது.

பயிற்சி முடிவில் தேர்வு வைத்தால், 'திறன் அதிகம்' என்று எழுதப்பட்டவர்கள் முதலில், தகவல் இல்லாதவர்கள் நடுவில், 'சாதாரணம்' கடைசியில். குலுக்கலில் வந்த வரிசை அப்படியே மதிப்பெண்ணிலும் வந்து நின்றது. இன்னொன்றும் இருக்கிறது. முதல் குழு வீரர்கள் தங்கள் பயிற்றுநரை நல்ல தலைவர் என்றும் உயர்வாக மதிப்பிட்டார்கள். அதாவது அவர் இவர்களிடம் வேறு மாதிரி நடந்திருக்கிறார், அவருக்கே தெரியாமல்.

ஆக, "எனக்குத் தெரிஞ்சுடும்" என்பவரே, உங்களுக்குத் தெரியவில்லை. நீங்கள் முடிவு செய்கிறீர்கள். அப்புறம் அது நடக்கிறது. நடந்ததும் "பார்த்தீங்களா" என்கிறீர்கள்.

கல்லூரிக் காலத்தில் நானும் ஒரு சீருடைப் பயிற்சி முகாமுக்குப் போனேன். முதல் நாளே எங்களில் சிலரைத் தனியாக நிறுத்தினார்கள். என்ன கணக்கு என்று யாரும் சொல்லவில்லை. மற்றவர்கள் துப்பாக்கியைக் கழற்றி மாட்டப் பழகியபோது நாங்கள் மைதானத்தில் கல் பொறுக்கினோம். கடைசியில் சுடும் பயிற்சியில் எங்கள் குண்டுகள் எங்கெங்கோ போயின. "நான்தான் அன்னைக்கே சொன்னேனே" என்று பயிற்சியாளர் சிரித்தார். அந்தச் சிரிப்பை இன்றும் என்னால் நடித்துக் காட்ட முடியும். கையில் கொடுக்காத துப்பாக்கியை எப்படி ஐயா பழகுவது?

இப்போது கமெண்டுக்கு வரப் போகிறவர்கள். "இஸ்ரேல் ராணுவமா உனக்கு உதாரணம்?" அந்த ராணுவம் செய்வதை நான் ஆதரிக்கவில்லை, ஆய்வு அங்கே நடந்தது, அவ்வளவுதான். "போர்க்களத்தில் செல்லம் கொடுக்க முடியாது." யார் செல்லம் கொடுக்கச் சொன்னது? அந்த 105 பேருக்கும் ஒரே பாடத்திட்டம், ஒரே தேர்வு. "எல்லா இடத்திலும் இது பலிக்கவில்லையே" என்று படித்த நண்பர் யாராவது கேட்பார், நியாயமான கேள்வி. ஈடனும் சக ஆய்வாளர்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வில், பெண்கள் தலைமையில் பயிற்சி பெற்ற பெண்களிடம் இந்த விளைவு, அதாவது நாம் வைக்கும் எதிர்பார்ப்பே ஒருவரின் செயல்பாட்டை மாற்றுவது, தெரியவில்லை. இதைப் 'பிக்மேலியன் விளைவு' என்பார்கள். அதை முதலில் பள்ளியில் காட்டிய உளவியலாளர் ரோசந்தாலின் 1968 ஆய்வுக்கும் கடும் விமர்சனம் உண்டு. இருக்கட்டும். அதற்காக முதல் வார ஜோசியம் உண்மையாகிவிடுமா? அதற்கு ஒரு ஆய்வாவது காட்டினாரா அவர்? மைக்தான் காட்டினார்.

எனக்கு வயிறு எரிவது இதில்தான். அதுவரை நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2000இல் மெக்நாட் என்ற ஆய்வாளர் பார்த்தபோது, இந்த விளைவு ராணுவத்தில் அதிகமாகவும், யாரிடம் ஆரம்பத்தில் எதிர்பார்ப்பு குறைவாக இருந்ததோ அவர்களிடம் இன்னும் அதிகமாகவும் தெரிந்தது. யாரை நம்பினால் அதிகம் பலன் கிடைக்குமோ, அவர்களைத்தான் நாம் முதல் வாரத்தில் கல் பொறுக்க அனுப்புகிறோம். அதற்குக் கைதட்டல் வேறு. தட்டிய பெற்றோர்களில் எத்தனை பேரின் பிள்ளை இந்நேரம் அவர் நோட்டில் 'தேறாது' பக்கத்தில் இருக்கிறதோ!

"நீ ராணுவத்தில் இருந்தாயா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல மாட்டேன். அவரும் இருந்ததில்லை, அவரிடம் யாரும் கேட்கவில்லை.