ஹாரிசன் ஃபோர்டு திடீர் நட்சத்திரம் அல்ல

ஹாலிவுட் நடிகர் ஹாரிசன் ஃபோர்டு நடிப்பே தெரியாத தச்சர், கதவு மாட்டப் போன இடத்தில் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் கண்ணில் பட்டு ‘ஸ்டார் வார்ஸ்’ நட்சத்திரமாகிவிட்டார் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். தச்சுவேலை உண்மை. இன்னொரு இயக்குநரான கொப்போலாவின் அலுவலகத்தில் கதவு பொருத்தியதும் உண்மைதான். ஆனால் லூகாஸுக்கு அவர் புதுமுகமே இல்லை! 1973இல் வந்த லூகாஸின் ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’யில் கறுப்பு ஷெவர்லே காரோடு பந்தயத்துக்கு வம்பிழுப்பவர் இவர்தான். முடிவெட்ட மாட்டேன் என்று அடம்பிடித்து, தொப்பி போட்டுக்கொண்டு நடித்தார். அடுத்த வருடம் கொப்போலாவின் ‘தி கான்வர்சேஷன்’.

அதற்கும் முன்னால், 1966இலேயே ஒரு படத்தில் ஹோட்டல் சிப்பந்தியாகத் தலைகாட்டியிருக்கிறார். டைட்டிலில் பெயர்கூட வரவில்லை. பிறகு டிவி தொடர்களில் துண்டு வேடங்கள். குடும்பத்தைக் காப்பாற்றத்தான் உளியைக் கையில் எடுத்தார்.

‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் ஹான் சோலோ வேடமும் சும்மா வந்துவிடவில்லை. தேர்வுக்கு வந்த மற்ற நடிகர்களுக்கு எதிர்வசனம் படிக்கத்தான் லூகாஸ் கூப்பிட்டார். படித்துப் படித்தே அந்த வேடத்தைப் பிடித்தார். 1977இல் படம் வெளியானபோது அவருக்கு 34 வயது. முதல் படத்துக்கும் அதற்கும் நடுவில் 11 வருடம். பதிவில் அந்த வரியைத் திருத்திவிடுங்கள், ப்ளீஸ்.