அது பேய் வீடு அல்ல

மூன்று நாட்களாக இணையத்தில் ஒரு படத்தொகுப்பு சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் கீழே நான் எழுதிய இரண்டு வரிகளுக்கு வந்த பதில்களையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், வெஸ்டன் என்ற ஊரில் உள்ள பழைய மனநலக் காப்பகத்தின் படங்கள் அவை. உரிந்த சுவர்கள், ஆளில்லாத நீண்ட தாழ்வாரம், மேலே ‘பேய்கள் உலவும் இடம்’ என்ற தலைப்பு. அது பேய் வீடு அல்ல, மனிதர்கள் வாழ்ந்த வீடு என்று மட்டுமே எழுதினேன்.

அந்தத் தாழ்வாரத்தைப் பார்த்தால் உடல் நடுங்குகிறது என்கிறார்கள். தாமஸ் கிர்க்பிரைடு என்ற மருத்துவர் வகுத்த முறைப்படி, ஒவ்வொரு வார்டுக்கும் வெயிலும் காற்றும் வர வேண்டும் என்பதற்காகவே அக்கட்டடங்களின் பகுதிகள் ஒன்றுக்கொன்று சற்று விலகி நீண்டன. நோயாளி குணமாக வேண்டும் என்று எண்ணிக் கட்டிய இடம் அது. 250 பேருக்காகத் திட்டமிட்ட அந்தக் கட்டடத்தில் 1950களில் சுமார் 2,400 பேரை அடைத்தார்கள், 1994இல் மூடினார்கள். அஞ்ச வேண்டியது அந்த எண்ணிக்கையைக் கண்டுதான்.

‘படம் எடுப்பது கலை, அதற்குத் தடை போடாதீர்கள்’ என்கிறார் ஒருவர். நான் தடை போடவில்லை. நியூயார்க் மாநிலத்தின் வில்லார்டு காப்பகம் 1995இல் மூடப்பட்டபோது, நோயாளிகள் கொண்டுவந்த 400க்கும் மேற்பட்ட பெட்டிகள் பரணில் கிடைத்தன. ஜான் கிறிஸ்பின் என்ற புகைப்படக் கலைஞர் அவற்றைத் திறந்து, உள்ளே இருந்த பொருட்களைப் பொறுமையாகப் படமெடுத்தார். அவையும் கைவிடப்பட்ட காப்பகத்தின் படங்கள்தான். ஆனால் அவற்றில் ஆட்கள் இருக்கிறார்கள். அங்கே 5,700க்கும் மேற்பட்டோர் பெயரின்றி வெறும் எண்களின் கீழ் புதைக்கப்பட்டார்கள். அவர்களில் 1,500க்கும் அதிகமானோருக்குக் குழி வெட்டிய லாரன்ஸ் மோச்சாவும் அங்கே ஒரு நோயாளிதான். 1968இல் இறந்த அவருடைய கல்லறையிலும் வெகுகாலம் பெயர் இல்லை.

‘அந்த இடங்களை மூடியது நல்லதுதானே’ என்று கேட்பவர்களுக்கு: ஆம், நல்லதுதான். அதை நான் எங்கே மறுத்தேன்? மூடியபின் அங்கே வாழ்ந்தவர்களைப் பேய்களாக்குவதைத்தான் மறுக்கிறேன்.

வில்லார்டின் பெட்டிகளைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. சின்ன அத்தையை மருத்துவமனையில் சேர்த்தபோது எனக்கு ஆறு வயது. யார் கேட்டாலும் ‘வெளியூரில் இருக்கிறாள்’ என்பார் தாத்தா. பாட்டி இறந்தபின் அந்தப் பெட்டியைத் திறந்தோம்: இரண்டு பாவாடைத் தாவணி, தட்டச்சுத் தேர்வில் தேறிய சான்றிதழ், பாதி பின்னிய ஒரு சிறிய கம்பளிச் சட்டை. அந்தச் சட்டை எனக்காகத்தான் என்று அம்மா சொன்னார். அத்தை அதற்கு முன்பே அந்த மருத்துவமனையிலேயே இறந்துவிட்டிருந்தார்.

‘பழையதைக் கிளறினால் குடும்பங்களுக்கு அவமானம்’ என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். எங்கள் தாத்தாவும் இதையேதான் சொன்னார், அவரும் கெட்டவர் அல்லர். ஆனால் அந்த அவமானத்துக்கு அஞ்சி, எனக்கு இரண்டு அத்தைகள் என்றே கல்லூரி முடியும்வரை எல்லோரிடமும் சொல்லிவந்தேன். எனக்கு மூன்று அத்தைகள்.