"சேரும் சார், போடுங்க!"

இந்த மீன் மற்ற மீன்களோடு சேருமா என்று கேட்டால் மீன் கடையில் சொல்கிற இந்த மூன்று வார்த்தைகளை நம்பி இதுவரை எவ்வளவு செலவழித்தேன் என்று கணக்குப் போட்டால் வீட்டில் சண்டை வரும், அதனால் போடவில்லை. ஆனால் வயிற்றெரிச்சலை எங்காவது கொட்டித்தானே ஆக வேண்டும்.

ஹாலில் கடல் மீன் வளர்க்க ஒரு மூன்றடித் தொட்டி. அகலமும் உயரமும் ஒன்றரை அடி. கணக்குப்படி 190 லிட்டர், கல்லும் மணலும் போக 150 லிட்டர் தண்ணீர் நின்றால் பெரிசு. லிட்டருக்கு 35 கிராம் உப்பு கலந்து, மே மாத வெயிலுக்குப் பயந்து தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் வாங்கி வைத்து, மீனுக்கு விஷமான அம்மோனியா ஏறி இறங்கி, அப்புறம் நைட்ரைட் ஏறி இறங்கி, இரண்டும் பூஜ்ஜியத்துக்கு வரும்வரை ஆறு வாரம் வெறும் கல்லைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊரிலிருந்து வந்த மாமனார் "மீன் எங்க மாப்ளே?" என்று கேட்டார். "இனிமேதான் மாமா" என்றேன். அவர் என் மனைவியைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அவ்வளவு பொறுமையாக இருந்தவன், மீன் வாங்கப் போன அன்றைக்குக் கோட்டை விட்டேன். கொளத்தூரில் கடை கடையாக ஏறி இறங்கி, கடைசியில் ஒரு கடையில் இரண்டு க்ளவுன் மீன், ஒரு ஃபயர்ஃபிஷ் கோபி எடுத்தேன். ஃபயர்ஃபிஷ் பார்த்திருக்கிறீர்களா? முன்பாதி பால் வெள்ளை, பின்பாதி நெருப்புச் சிவப்பு, முதுகில் ஒரு நீளமான முள்ளை ஆன்டெனா மாதிரி டிக் டிக்கென்று ஆட்டிக்கொண்டு பொந்து வாசலிலேயே மிதக்கும். யார் வம்புக்கும் போகாது, நிழல் அசைந்தால் கூட உள்ளே ஓடிவிடும்.

பில் போடும்போது கடைக்காரர் ஒரு பொடி மீனைக் காட்டினார். கட்டைவிரல் நகம் அளவு, மை மாதிரி கறுப்பு, நெற்றியில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று வெள்ளைப் பொட்டு. டோமினோ டாம்சல். "நூறு ரூபாதான் சார், இதையும் போடுங்க, சாகவே சாகாது." மற்றதோடு சேருமா என்று கேட்டேன். சத்தியமாகக் கேட்டேன். "சேரும் சார், போடுங்க!"

சாகாது என்றது மட்டும் உண்மை. டாம்சல் எதையும் தாங்கும். புதுத் தொட்டியில் அம்மோனியாவைத் தாங்கட்டும் என்று முதல் மீனாக அதைப் போடுகிற பழக்கம் வந்ததே அதனால்தான். வினையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. யார் முதலில் வருகிறாரோ அவர் மூலையைப் பிடித்துக்கொண்டு பட்டா போட்டுவிடுவார், பின்னால் வருகிறவர்கள் எல்லாம் அவருக்கு ஆக்கிரமிப்பாளர்கள். சாதுவை முதலில் விட்டு, முரடனைக் கடைசியில் விட வேண்டும் என்ற ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல அந்தக் கடைக்காரருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சட்டை வாங்கப் போனால் கூட "யாருக்கு சார், என்ன சைஸ்" என்று கேட்கிறார்கள். இங்கே தொட்டி எத்தனை அடி, உள்ளே ஏற்கெனவே யார் இருக்கிறார்கள், ஒரு கேள்வி கிடையாது.

அந்த நகம் அளவு மீன் ஐந்து அங்குலம் வரை வளரும் என்பதையும் நானாகத்தான் பின்னால் தெரிந்துகொண்டேன். இரண்டே மாதத்தில் வலதுபக்கக் குகை அதனுடையது. மூன்றாவது மாதம் வலதுபக்கம் முழுக்க. அப்புறம் தொட்டியே. கடலில் டாம்சல் துரத்தினால் மற்ற மீன் நாலு முழம் தள்ளிப் போய்விடும், அதோடு விவகாரம் முடிந்தது. மூன்றடித் தொட்டியில் எங்கே போகும்? எந்தப் பக்கம் ஓடினாலும் அவன் ஏரியாதான். ஃபயர்ஃபிஷ் பாவம், பொந்தை இழந்து, சாப்பிட வராமல், மேலே வடிகுழாய் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றது. ஒருநாள் காலை காணோம். தொட்டிக்குப் பின்னால் சுவரோரம் கருவாடாகக் கிடந்தது, எறும்பு மொய்த்திருந்தது. மூடியில் குழாய்க்காக விட்ட இரண்டு விரல் இடைவெளி வழியாகக் குதித்திருக்கிறது.

கடைக்குப் போய்ச் சொன்னால், மனுஷன் அசரவில்லை. "அப்ப ஒரு ட்ரிகர் போடுங்க சார், இவன் அடங்கிடுவான்." அடங்குவான்தான், கூடவே என் இறாலும் நத்தையும் நண்டும் சேர்ந்து அடங்கும், ட்ரிகர் மீன் கெட்டி ஓடுகளையே நொறுக்கித் தின்கிற ஜாதி. அது வேண்டாமென்றால், "இன்னும் ரெண்டு க்ளவுன் போடுங்க, குடும்பமா இருக்கும்." குடும்பமாம்! க்ளவுன் எல்லாமே ஆணாகத்தான் ஆரம்பிக்கும், கூட்டத்தில் பெரியது பெண்ணாகிவிடும், அடுத்தது அதன் ஜோடி. ஜோடி அமைந்த சின்னத் தொட்டிக்குள் புதிதாக இரண்டை விட்டால் அடி வாங்கியே சாகும். கடையில் பக்கத்துத் தொட்டியில் இரண்டு அங்குல ப்ளூ டாங் வேறு, சினிமாவில் பார்த்து எல்லாக் குழந்தைகளும் கேட்கிற அதே நீல மீன். அது ஓர் அடி வளரும், ஓடுவதற்கே ஆறடித் தொட்டி வேண்டும். அதற்கும் "சேரும் சார்". மாண்டரின் மீன் யாரோடும் சண்டை போடாது, சரி, ஆனால் கல்லில் ஊரும் பொடிப் பூச்சிகளைத் தவிர வேறெதையும் தொடாமல் பட்டினியிலேயே போய்விடும் பெரும்பாலும். யாரோடு சேரும் என்பது இருக்கட்டும், என் தொட்டியோடு சேருமா என்று யார் சொல்வது?

இணையத்தில் பார்க்கலாம் என்றால் கட்டம் போட்ட அட்டவணை ஒன்று சுற்றுகிறது. பச்சை என்றால் சேரும், சிவப்பு என்றால் சேராது, மஞ்சள் என்றால் கவனம். நான் தேடிய கட்டமெல்லாம் மஞ்சள். பத்தில் ஐந்து பொருத்தம்தான் இருக்கிறது, பரிகாரம் செய்தால் சரியாகிவிடும் என்கிற ஜோசியருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சந்தேகம் கேட்டால் ஒருவர் வருவார்: "எனக்கு நாலு வருஷமா சேர்ந்துதான் இருக்கு ப்ரோ." உங்கள் தொட்டி எத்தனை அடி ப்ரோ? எட்டடி. நல்லது, வாழ்க.

டோமினோவைப் பிடித்த கதையைச் சொல்லாமல் முடியாது. இரண்டு லிட்டர் பாட்டிலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகி, உள்ளே இறால் துண்டு வைத்து இறக்கினேன். இரண்டு க்ளவுனும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே போய் மாட்டிக்கொண்டன. டோமினோ வெளியே நின்று வேடிக்கை பார்த்தது. வலை போட்டால் கல்லுக்குள் போய்விடும். கையை விட்டால் ஓடாது, எதிர்த்து வந்து விரல் இடுக்கில் கடிக்கும். கடைசியில் ஒரு சனிக்கிழமை இரவு தொட்டியிலிருந்த அத்தனை கல்லையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன், தண்ணீர் சேறாகி, ஹால் முழுக்க உப்புத்தண்ணீர், மனைவி கதவைச் சாத்திக்கொண்டு தூங்கப் போய்விட்டாள். எல்லாக் கல்லையும் எடுத்தாயிற்று, மீனைக் காணோம். மணி ஒன்று. வாளியில் கிடந்த கல் ஒன்றுக்குள்ளிருந்து டொக் டொக் என்று ஒரு சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே உட்கார்ந்துகொண்டு என்னையே அதட்டுகிறது!

அந்த இரவோடு இரவாகக் கல்லை வேறு மாதிரி அடுக்கினேன். இப்போது க்ளவுன் இரண்டும் நிம்மதியாக இருக்கின்றன, கிழிந்த துடுப்பும் வளர்ந்துவிட்டது. கடைக்காரர் டோமினோவைத் திரும்ப எடுக்க மாட்டாராம், "பெருசாயிடுச்சு சார், போகாது" என்கிறார். அது இப்போது பால்கனிப் பக்கம் தனியாக ஒரு பழைய இரண்டடித் தொட்டியில் இருக்கிறது, நான் கடந்து போகும்போதெல்லாம் கண்ணாடியில் வந்து முட்டுகிறது. சென்னைக்குள் யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், காசு வேண்டாம், நானே கொண்டுவந்து தருகிறேன். தனித்தொட்டி இருப்பவர்கள் மட்டும் கேளுங்கள்.