அணைந்தால் வைரஸ்தானா?

பழைய மடிக்கணினி திடீரென்று அணைந்தால் வைரஸ்தான், விண்டோஸை மறுபடி போட்டால் சரியாகிவிடும் என்று மேலே ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். மன்னிக்கணும் அண்ணே, எச்சரிக்கையே இல்லாமல் பட்டென்று அணைந்தால் பெரும்பாலும் காரணம் சூடு, அல்லது தேய்ந்த பேட்டரி. விசிறியில் தூசி அடைத்து பிராசசர் 100 டிகிரியை நெருங்கினால், கருகாமலிருக்கத் தானே அணைந்துவிடும். கோலாலம்பூர் புழுக்கத்தில் மெத்தைமேல் வைத்து ஓட்டினால் கேட்கவே வேண்டாம்.

நீங்களே சோதிக்கலாம். ஆன் செய்ததும் எஃப்2 விசையைத் தட்டி (சில மாடல்களில் வேறு விசை) பயாஸ் திரைக்குப் (விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் அமைப்புத் திரை) போய் அப்படியே விட்டுவிடுங்கள். அங்கே விண்டோஸ் ஓடுவதே இல்லை. அங்கேயும் அணைந்தால் விண்டோஸ்மேல் பழி போட முடியாது. அணையவில்லை என்பதால் வைரஸ் என்றும் ஆகிவிடாது. அப்புறம் சூட்டையும் பேட்டரியையும் பாருங்கள். லோ யாட் கணினிக் கடைகளுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதெல்லாம் அதற்குப் பிறகு.