ரிகவரி ஆப் மீட்டுத் தராது

ஒருவர், இன்ஸ்டாகிராமில் அழித்த பதிவை எத்தனை வருடம் கழித்தும் ரிகவரி ஆப் போட்டு மீட்டுவிடலாம் என்று எழுதியிருக்கிறார். அது தவறு. அந்த ஆப்கள் உங்கள் போனின் மெமரியைத்தான் துழாவும். இன்ஸ்டாகிராம் சர்வருக்குள் அவற்றுக்கு வேலையே இல்லை. பாஸ்வேர்ட் கேட்டால் அந்த ஆப்பை உடனே தூக்கிவிடுங்கள், கொடுத்தால் அக்கவுண்டே பறிபோகலாம்.

உண்மையில் இருப்பது இவ்வளவுதான்: 2021 முதல், அழித்த படமும் ரீல்ஸும் 'ரீசன்ட்லி டெலீட்டட்' பகுதியில் 30 நாள் வரை கிடக்கும். புரொஃபைலில் மூன்று கோட்டை அழுத்தி, 'யுவர் ஆக்டிவிட்டி'க்குள் போய்ப் பாருங்கள். ஆர்க்கைவில் (பழைய ஸ்டோரிகளைச் சேமித்து வைக்கும் பகுதி) இல்லாத ஸ்டோரிக்கு 24 மணி நேரம்தான் கெடு. அப்புறம் உங்களால் எடுக்க முடியாது. ஆனால் அடுத்தவர் எடுத்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டுக்கு இந்தக் கெடுவெல்லாம் கிடையாது.