கொம்பு மட்டும் பெரிதாக நின்றால்

அத்தியாயத்தின் தொடக்கத்தில் பெரிதாகப் போடும் முதல் எழுத்தைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். அதற்கு எவ்வளவு வேலைப்பாடு செய்கிறோமோ அவ்வளவு அழகு என்கிறார் கட்டுரையாளர். பல வருடங்களாகப் புத்தகப் பக்கங்களை வடிவமைப்பவன் நான். இதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை.

1457இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் ஃபுஸ்ட், ஷோஃபர் இருவரும் அச்சிட்ட, பைபிளின் சங்கீதங்கள் அடங்கிய புத்தகத்தைப் பாருங்கள். முதலெழுத்தைச் சுற்றி அவ்வளவு நுணுக்கமான கொடி. ஆனால் எழுத்து ஒரு நிறம், கொடி இன்னொரு நிறம். ஒன்று நீலமென்றால் மற்றது சிவப்பு. அதனால் எழுத்து எதுவென்று கண் தேடவே வேண்டாம்.

தமிழில் சிக்கல் கூடுதல். ‘கோ’ என்று தொடங்கினால் இரட்டைக்கொம்பு, க, கால் என்று அகலமாக விரியும். ‘பு’ கீழே இறங்கும், ‘கி’யின் மேல்விலங்கு மேலே ஏறும். எல்லாவற்றையும் ஒரே சதுரக் கட்டத்துக்குள் திணித்தால் ஒன்று குறுகிவிடும், இன்னொன்று முட்டும். பழைய எழுத்துருக்களில் கொம்பு தனி எழுத்தாகவே தட்டச்சாகும். ஒருமுறை ‘கேணி’ என்று தொடங்கிய அத்தியாயத்தில், இரட்டைக்கொம்பு மட்டும் மூன்று வரி உயரத்துக்கு நிற்க, பக்கத்தில் ‘கணி’ சின்னதாக ஒட்டிக்கொண்டிருந்தது. அப்படியே அச்சாகிவிட்டது. அந்தப் பக்கம் இன்றும் என்னை உறுத்துகிறது.

அதிலிருந்து, எல்லா அத்தியாயங்களின் முதல் எழுத்தையும் முதலில் ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிடுவேன். அப்புறம்தான் எழுத்துரு தேர்வு. கொடியும் பூவும் பின்னணியில் வெளிர் நிறத்தில் இருக்கட்டும், சரி. எழுத்தின் கோட்டில் மட்டும் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.